சுருதிப்பெட்டி முதலில், பெடல் பிறகு



சைக்கடெலிக் ராக் குழு எப்படிப் பாட்டுக் கட்டுகிறது, எப்படிப் பதிவு செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கூடவே வாங்கப்போகும் பெடல்களின் பட்டியலையும் விலையோடு வைத்திருந்தீர்கள். விலையைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நான் கானமேளா மேடைகளில் கிட்டார் வாசித்து, விரல் தளர்ந்த பிறகு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தவன். நாகர்கோவிலில் பிறப்பு, திருவனந்தபுரம் கரமனையில் குடித்தனம். கோயில் கொட்டகையிலும் கல்யாண மண்டபத்திலும் கற்றதையும், நல்ல ரெக்கார்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன். எண் போட்டிருப்பது நீங்கள் மறுபடி தேடிப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். வரிசைக்கு வேறு அர்த்தம் வேண்டாம்.

1. முதலில் ஒரே சுரத்தில் நிற்கப் பழகுங்கள். பீட்டில்ஸ் 1966இல் பதிவு செய்த ‘டுமாரோ நெவர் நோஸ்’ கிட்டத்தட்ட முழுக்க ‘சி’ சுரத்தின் மேலேயே நிற்கிறது. மேலே கடற்பறவை மாதிரிக் கத்தும் டேப் துண்டுகள், சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வரும் குரல் என்று எத்தனையோ நடக்கின்றன. தரை மட்டும் அசையாது. லண்டன்காரர்களுக்கு அது புதுமையாக இருந்தது. நமக்கு அது நாதஸ்வர செட்டில் ஒத்துக்காரர் செய்கிற வேலை. அவர் பெயர் நோட்டீஸில் வராது, அவருக்குத் தனி ஆவர்த்தனமும் கிடையாது. ஆனால் அவர் மூச்சு ஒரு நொடி தடுமாறினால் பந்தலே திரும்பிப் பார்க்கும்.

உங்கள் நால்வரில் யார் ஒத்து என்று முதலில் முடிவு செய்யுங்கள். பேஸ் வாசிக்கும் தங்கச்சியா, சின்த் வாசிக்கும் தம்பியா? முடிவானதும் சுருதிப்பெட்டியை ‘டி’யில் வைத்து, எல்லோரும் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் அரை மணி நேரம் வாசியுங்கள். கார்டு மாற்றக் கூடாது. சலித்துப்போனால் குற்றமில்லை, இந்த இசை உங்களுக்கு இல்லை என்று அர்த்தம். பாப் வாசியுங்கள், அதில் பணமும் உண்டு. சலிக்காமல், பத்தாவது நிமிடத்துக்கு மேல் உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி இருந்தால் மேலே படியுங்கள்.

கிட்டாருக்கு ஒரு யோசனை. ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை முழுச் சுரம் கீழே இறக்கினால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று ஆகும். திறந்த கம்பிகளே தம்புரா வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

2. கஞ்சா அடித்தால்தான் இந்தப் பாட்டு வரும் என்கிறவனை ரிகர்சல் அறைக்குள் விடாதீர்கள். பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பம் 1967இல் வந்தது. அதில் பெரும்பாலான பாட்டுகளை எழுதிய சிட் பாரட் 1968இல் குழுவில் இல்லை. டெக்ஸாஸின் ‘13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ பாடகர் ரோக்கி எரிக்சன் 1969இல் கஞ்சாவுக்காகப் பிடிபட்டு, மனநல மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டார். அதே காலத்தில் பீட்டில்ஸின் அந்த விசித்திர ஒலிகளை உண்டாக்கிய இஎம்ஐ ஸ்டூடியோவின் டெக்னீஷியன்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவர்கள். பென்சிலில் டேப் வளையத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். மயக்கம் கேட்கிறவருக்கு, வாசிக்கிறவருக்குக் கணக்கு. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது முழுக்க இதுதான், மீதி எல்லாம் விவரம்.

3. பாட்டு எழுத உட்காராதீர்கள், வாசிக்க உட்காருங்கள். ஜெர்மனியில் கொலோன் பக்கம் ‘கேன்’ என்று ஒரு குழு. மணிக்கணக்காக வாசிப்பார்கள், டேப் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு பேஸ் வாசித்த ஹோல்கர் சுகாய் டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். 1971இல் வந்த ‘டாகோ மாகோ’ அப்படிப் பிறந்தது. அதே ஆண்டு பிங்க் ஃப்ளாய்டின் ‘எக்கோஸ்’ 23 நிமிடம் ஓடும் பாட்டாக வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் அதைத் தொடங்கினார்கள். லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வாசித்த ஒரே ஒரு பியானோ சுரம்தான் கடைசியில் அதன் வாசலாக அமைந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அறைக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் போன். ஆம்ப்ளிஃபயர்மேல் போனை வைத்தால் அதிர்வு மட்டும்தான் பதிவாகும். ரிகர்சல் தொடங்கும்போது போட்டு, முடியும்போது நிறுத்துங்கள். நடுவில் சாயா குடிக்கும் பேச்சும் இருக்கட்டும். கோப்புக்குத் தேதி, சுருதி, டெம்போ மூன்றையும் பெயராக வையுங்கள். ‘நியூ ஜாம் ஃபைனல் 2’ என்று வைத்தால் ஆறு மாதம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

மறுநாள் நால்வரும் தனித்தனியாகக் கேளுங்கள், பேசிக்கொள்ளக் கூடாது. பிடித்த இடங்களின் நிமிடக் கணக்கை அவரவர் எழுதி வைத்து, பிறகு நான்கு சீட்டையும் ஒன்றாகப் பரப்புங்கள். மூன்று சீட்டில் ஒரே இடம் வந்திருந்தால் அங்கே பாட்டு இருக்கிறது. ஒரு சீட்டில் மட்டும் வந்தது பெரும்பாலும் அவரே வாசித்த சோலோவாக இருக்கும். அன்போடு விட்டுவிடுங்கள்.

4. நீளமான பாட்டுக்கு எலும்புக்கூடு வேண்டும். மெதுவாகத் தொடங்கி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து அடித்து நொறுக்குவது ஒரு வடிவம். எல்லாக் குழுவும் அதையே செய்கிறது, கேட்கிறவருக்கு மூன்றாவது நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடும். அதைவிட நல்ல வடிவம் கேரளத்திலேயே இருக்கிறது: பஞ்சாரி மேளம். தெற்கே வளர்ந்த நமக்குச் செண்டை மேளத்தோடு அவ்வளவு பழக்கமில்லை. திருச்சூர், திருப்பூணித்துறைப் பக்கம் போய் ஒருமுறையாவது முழுதாக நின்று கேளுங்கள்.

அதில் ஐந்து காலம். முதல் காலத்தில் தாளவட்டம் 96 அட்சரம். அடுத்தது 48, பிறகு 24, 12, கடைசியில் 6. வேகம் கூடுகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். வட்டம் பாதி பாதியாகச் சுருங்குகிறது. முதல் காலத்தில் எப்போது திரும்பி வருவார்கள் என்றே புரியாமல் நிற்கும் கூட்டம், கடைசிக் காலத்தில் ஒவ்வொரு திரும்புதலையும் கையை உயர்த்தி வரவேற்கிறது. காலக்கணக்கை இழந்தவர்களுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிற வேலை அது.

கிட்டாருக்கு இப்படி மாற்றுங்கள். ஒரு ராகச் சாயலை 16 பார் நீளத்துக்கு விரித்து வாசியுங்கள், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நிறைய வெளி இருக்கட்டும். அடுத்த பகுதியில் அதே சங்கதியை 8 பாரில், பிறகு 4, 2, கடைசியில் ஒரே பார். கடைசியில் அதுதான் உங்கள் ரிஃப். மற்ற குழுக்கள் ரிஃப்பை முதலில் வைத்து விரிவாக்கும். நீங்கள் கடைசியில் வைத்தால், கேட்கிறவர் அதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைப்பார். கேட்டிருக்கிறார்தான், ஆறு நிமிடமாக.

டிரம்மர் தம்பி மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகுதி மாறும் இடத்தில் டெம்போ சற்றே ஏறலாம், பகுதிக்குள்ளே ஏறக் கூடாது. கிளிக் வைத்துத்தான் பதிவு செய்வோம் என்றால் பகுதிக்கு ஒரு டெம்போ என்று முன்கூட்டியே வரைந்துவிடுங்கள்.

5. வார்த்தை. ஊதா மேகம், உருகும் கடிகாரம் என்று நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதைப் படித்தேன். வேண்டாம். கொச்சியின் 13ஏடி குழு ஆங்கிலத்தில் பாடிக் கலக்கியது உண்மை. அந்தக் காலம் வேறு, அவர்கள் கேட்டு வளர்ந்ததும் வேறு. 2003இல் தொடங்கிய ‘அவியல்’ மலையாளத்தில் ராக் பாடியபோது கல்லூரிப் பிள்ளைகள் காதைத் தீட்டியது ஏன் என்று யோசியுங்கள். ரெக்ஸ் விஜயனின் கிட்டாரும் டோனி ஜானின் டர்ன்டேபிளும் காரணம்தான். ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவில் வந்தது பாட்டி பேசும் மொழி.

2008இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் ‘ஆடு பாம்பே’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. வரிகள் ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. குரு பிறந்த செம்பழந்தி இன்று நம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1888இல் அவர் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கம்தான். அவருக்கு யோகம் சொல்லிக்கொடுத்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர், இந்த ஊர் ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், தமிழிலும் பாடியிருக்கிறார். பாம்பை ஆடச் சொல்லும் அந்தப் பல்லவியைக் கேட்டதும் நம் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வராமல் போகாது. முதுகுத்தண்டில் சுருண்டு கிடக்கும் சக்தியைப் பாம்பாகப் பார்த்த சித்தர்களிடமிருந்து மலையாளத்துக்கு, அங்கிருந்து எலெக்ட்ரிக் கிட்டாருக்கு. கலிபோர்னியாவுக்குக் கடன் கேட்டுப் போக வேண்டிய அவசியமே இந்த ஊர்க்காரருக்கு இல்லை.

சித்தர் பாட்டு இந்த இசைக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்குத் தொழில் ரீதியான காரணமும் உண்டு. அடிகள் சின்னவை. பல்லவி விடாமல் திரும்பி வரும். சொல் எளிமை, பொருள் ஆழம். முதல் தடவை பாம்பு, பத்தாவது தடவை வேறு எதுவோ. நீங்கள் புதிதாக எழுதும்போதும் அந்த மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ராக் தாளத்துக்காகக் குறிலை நெடிலாக இழுக்காதீர்கள். ‘படி’யை இழுத்தால் ‘பாடி’ ஆகிவிடும், ‘விடு’ ‘வீடு’ ஆகிவிடும். நீளும் சுரத்தில் நெடில் விழுகிற மாதிரி எழுதிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மெட்டுக்குப் பிறகு வரி என்று அடம்பிடிக்கும் கிட்டாரிஸ்ட் தம்பிக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

6. கமகம் கிட்டாரில் வருமா என்றால், வரும். ‘மதர்ஜேன்’ குழுவின் ‘மக்தூப்’ ஆல்பத்தில் பைஜு தர்மஜன் வாசித்ததைக் கேளுங்கள். கம்பியை இழுத்து வளைப்பதைவிட, ஒரே கம்பியில் விரலைச் சறுக்கிப் போவது நம் காதுக்கு நெருக்கமாக இருக்கும், வீணையின் ஜாரு அதுதான். ராகத்தை ஸ்கேலாக மேலும் கீழும் ஓட்டுவது மட்டும் வேண்டாம். 1939இல் தொடங்கிய ஸ்வாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி தைக்காட்டில் இருக்கிறது. முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் முதல்வர்களாக இருந்த இடம். அங்கே படித்தவர்கள் ஊர் முழுக்க வீட்டில் வகுப்பு எடுக்கிறார்கள். நால்வரில் ஒருவராவது போய் வாய்ப்பாட்டு கற்றுக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் ஒரு பெடல் விலையைவிடக் குறைவு.

7. இப்போது பெடல். ஃபஸ், வா, ஃபேஸர், டிலே, ரிவர்ப். கிட்டாரிலிருந்து இந்த வரிசையில் தொடங்கிப் பாருங்கள். பழைய வகை ஃபஸ், கிட்டாரின் வயர் நேராக வந்து சேர்ந்தால்தான் ஒழுங்காகப் பேசும். நடுவில் வேறு பெடல் இருந்தால் சுருதி சுத்தமாக இருந்தாலும் ஒலி மெலிந்துவிடும். ரிவர்ப்புக்குப் பிறகு ஃபஸ் வைத்தால் எல்லாம் குழம்பிச் சேறாகும். அந்தச் சேறே வேண்டும் என்று ஒரு பாட்டில் தோன்றினால் வையுங்கள், எல்லாப் பாட்டிலும் வேண்டாம்.

முதலில் வாங்க வேண்டியது டிலே ஒன்றுதான். அதன் கணக்கு எளிது. 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று கிடைக்கும். டெம்போ 100 என்றால் 600. அதில் முக்கால் பங்கு, 450, வைத்துப் பாருங்கள். நீங்கள் வாசிக்கும் சுரங்களுக்கு இடையில் எதிரொலி வந்து உட்கார்ந்து, ஒரு கிட்டார் இரண்டாகிவிடும். டெம்போவோடு ஒட்டாத டிலே டிரம்மரைப் பைத்தியமாக்கும். இந்தக் கணக்குகளை ஒரு நோட்டில் எழுதி ஆம்ப்மேல் ஒட்டி வையுங்கள்.

8. அறை. இதில் கொஞ்சம் நிற்கிறேன், பணம் வீணாவது இங்கேதான்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறீர்கள். அதைப் பிய்த்துப் போடுங்கள். அது உச்ச ஸ்தாயியில் கொஞ்சம் கூச்சலைக் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தைத் துளியும் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரரைத் தூங்கவிடாதது பேஸும் கிக் டிரம்மும். அவற்றைக் கனம் மட்டும்தான் தடுக்கும். கனமான கதவு, இடைவெளி இல்லாத சன்னல், சுவர். மாடி அறையில் அதற்கு வழி இல்லை என்றால் ஆம்பின் வால்யூமைக் குறைப்பதே மலிவான வழி. சின்ன ஆம்பை முக்கித் திணற வாசித்தால் பதிவில் பெரிய ஆம்ப் மாதிரித்தான் கேட்கும்.

உள்ளே எதிரொலிக்கும் கூச்சலைக் குறைக்க சாலைக் கடைத்தெருவுக்குப் போங்கள். தமிழிலேயே பேரம் பேசலாம். பழைய இலவம்பஞ்சு மெத்தைகள், தடித்த கயிற்றுப் பாய்கள் வாங்கி வாருங்கள். மெத்தையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். அந்த இடைவெளியால் இன்னும் கீழ்ச் சுரம் வரை உறிஞ்சும். நான்கு மூலைகளையும் முதலில் அடையுங்கள், பேஸ் அங்கேதான் தங்கும். எல்லாச் சுவரையும் மூடிவிடாதீர்கள். செத்த அறையில் வாசித்தால் வாசிப்பவர்களுக்கே உயிர் இருக்காது.

நல்ல அறை எப்படிப் பேசும் என்று கேட்க வேண்டுமானால், நவராத்திரி நாளில் கிழக்கேகோட்டையில் நவராத்திரி மண்டபத்துக்குப் போய் உட்காருங்கள். கூரையிலிருந்து மண்பானைகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், ஒலிக்காகச் செய்த ஏற்பாடு. அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. பாட்டு முடிந்த பிறகு அந்த அறை எவ்வளவு நேரம் சுரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அதனால் தெளிவாகக் கேட்கும். 2006இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே முதல் பெண்ணாகப் பாடும்வரை அந்த அறைக்குப் பெண்குரல் தெரியாது என்பதையும் தங்கச்சி தெரிந்துகொள்ள வேண்டும்.

லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் எக்கோ சேம்பர் என்று ஒரு வெற்று அறை உண்டு. உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அறை திருப்பித் தருவதை மைக்கில் பிடிப்பார்கள். உங்களுக்கு டைல்ஸ் பதித்த குளியலறை இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் கிணறும் இருக்கிறது. கிணறு இன்னும் நல்லது. பேட்டரி ஸ்பீக்கர் ஒன்றைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து, ராட்டினக் கயிற்றில் நீர்மட்டத்துக்கு நாலடி மேலே வரை இறக்குங்கள். மைக்கைக் கிணற்றுச் சுவரின் உள்விளிம்பில் கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். குரலை மட்டும் ஒலிக்கவிட்டு, வருவதைத் தனி டிராக்கில் எடுங்கள். ப்ளூடூத்தில் அனுப்பினால் சற்றுத் தாமதமாக வரும், பிறகு கணினியில் முன்னால் நகர்த்திக்கொள்ளலாம். கரண்ட்டில் ஓடும் எதையும் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இதை வேடிக்கையாக எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் தவளைகளும் சேர்ந்து பாடும். ஒரு பாட்டுக்கு அது அழகு, ஆல்பம் முழுக்க என்றால் தவளைக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

9. டிரம்ஸுக்கு எட்டு மைக் வாடகைக்கு எடுக்க வேண்டாம், நான்கு போதும். கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய எஞ்சினியரின் பெயரில் வழங்கும் முறை இது. ஒரு மைக் ஸ்னேருக்கு நேர் மேலே, ஒரு மீட்டர் உயரத்தில். இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு வெளியே, ஹை-ஹாட்டைப் பார்த்தபடி. இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சணல் கயிற்றால் அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒரு மில்லிசெகண்ட் பிசகும், ஸ்னேரின் வயிறு காணாமல் போய்விடும். மீதி இரண்டு மைக் கிக்குக்கும் ஸ்னேருக்கும்.

10. தலைகீழ் ஒலி. ‘ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்’ பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன், சோலோவை முதலில் யோசித்து, அதைப் பின்னிருந்து முன்னாக வாசித்து, டேப்பைத் திருப்பிப்போட்டார். மணிக்கணக்கில் உழைத்த சோலோ அது. கண்டதை வாசித்து கணினியில் ‘ரிவர்ஸ்’ அழுத்தினால் கண்டதுதான் வரும். குரலைச் சுழல வைக்க மேஜை விசிறி முன்னால் நின்று பாடிப் பாருங்கள். லெஸ்லி ஸ்பீக்கரும் இந்த வேலையைத்தான் சுழலும் ஒலிவாயால் செய்கிறது. மைக்கில் காற்று அடிக்காமல் ஒரு மெல்லிய துணி கட்டிக்கொள்ளுங்கள்.

11. பாடகர் தன் வரிகளை மெட்டில்லாமல், உரக்க, மற்ற மூவர் முன்னால் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். கூச்சப்படாமல் வாசிக்க முடியாத வரியைப் பாடவும் வேண்டாம்.

12. ஊர் விஷயம். ஃபேன் ரெகுலேட்டரும் மலிவு எல்இடி விளக்கும் ஃபஸ் பெடலுக்குள் புகுந்து ஈ மாதிரி ரீங்கரிக்கும். பதிவு நேரத்தில் இரண்டையும் அணையுங்கள், வியர்க்கத்தான் செய்யும். பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துடைத்து வையுங்கள். கரண்ட் போகும், சேமித்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

13. மிக்ஸிங். பதிவு செய்யும்போது 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மிக்ஸ் செய்யும்போது முதலில் மோனோவில் கேளுங்கள். ஃபேஸரும் கோரஸும் ஸ்டீரியோவில் அகலமாக இருந்துவிட்டு மோனோவில் கரைந்துபோகும். போனில் கேட்கிற பாதிப் பேருக்கு உங்கள் கிட்டாரே கேட்காது. ஹெட்போன், போன், தெரிந்த ஆட்டோக்கார அண்ணனின் வண்டி ஸ்பீக்கர் என்று மூன்றிலும் போட்டுப் பாருங்கள். மாஸ்டரை ஏற்றி ஏற்றிக் கத்தவிடுவதில் லாபமில்லை. ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்கள் சத்தத்தை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் அளவுக்கு இறக்கிவிடும். இறக்கிய பிறகு மெலிதும் ஓங்குதலும் உள்ள பாட்டுத்தான் பெரிதாகக் கேட்கும். ஆறு நிமிடம் கட்டிக் கொண்டுவந்த ஏற்றத்தைக் கடைசிப் படியில் ரோடு ரோலர் ஏற்றித் தட்டையாக்காதீர்கள்.

14. உங்களுக்கு முன்னால் இந்தியாவில் இதை வாசித்தவர்களைத் தேடிக் கேளுங்கள். 1970, 71இல் சிகரெட் கம்பெனி பணத்தில் நடந்த சிம்லா பீட் போட்டியின் ரெக்கார்டுகளில் பல ஊர்க் குழுக்களின் ஃபஸ் கிட்டார் கேட்கும். ‘ஹ்யூமன் பாண்டேஜ்’ குழுவில் டிரம்ஸ் வாசித்த ரமேஷ் ஷோத்தம் சென்னைக்காரர். பிறகு தவில் கற்றுக்கொண்டு ஐரோப்பாவில் ஜாஸ் மேடைகளில் வாசித்தார். மும்பையின் ‘அட்டாமிக் ஃபாரஸ்ட்’ பதிவு செய்த எல்பி, குழு கலைந்த பிறகுதான் கடைக்கு வந்தது. வெளிநாட்டில் அதைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சிட்டது வெகுகாலம் கழித்து. ஆகையால் மூலப் பதிவுகளை மூன்று பிரதிகளாக வையுங்கள், ஒன்று வேறு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். யார் என்ன வாசித்தது என்று தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

15. பாட்டு யாருடையது என்பதை வெளியிடும் முன் பேசுங்கள், பணம் வந்த பிறகு பேச முடியாது. கூடி வாசித்துக் கட்டிய பாட்டுக்கு நால்வருக்கும் சமபங்கு என்பதே என் கட்சி. ஒத்துக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கத்தில் எழுதியவரும் மெட்டமைத்தவரும் உறுப்பினராகிவிடுங்கள். 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு சினிமாவுக்குப் பாட்டைக் கொடுத்தாலும் படைத்தவருக்கு ராயல்டி உரிமை உண்டு. டெக்னோபார்க்கில் கம்பெனி ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கிறவர்கள், மியூசிக் லேபிள் காகிதத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது ஏனோ எனக்குப் புரிவதில்லை.

16. மேடை. மானவீயம் வீதியில் சின்ன ஆம்ப்களோடு தொடங்குங்கள். நடந்துபோகிறவர் நிற்கிறாரா என்பதை அங்கே பார்க்கலாம். இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆகவே நீளப் பாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள், நான்காவது காலத்தில் இருக்கும்போது போலீஸ்காரர் வந்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார்.

17. உங்கள் மாடியில் ஓட்டுக்கூரை. டிரம்ஸ் பதிவை மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். இடவப்பாதி தொடங்கினால் மழைச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. கிட்டாரும் குரலும் மழையில் பார்த்துக்கொள்ளலாம். மைக் ஸ்டாண்ட் இரண்டும் நல்ல கேபிள் கொஞ்சமும் என் வீட்டில் இருக்கின்றன, வந்து எடுத்துப் போங்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் திருப்பித் தர வேண்டும், எங்கள் கானமேளாக்காரர்களுக்கு அப்போதுதான் சீசன்.